அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு

ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் உதவியாளராக நுழைந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மெயில் வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறவர்கள், அமெரிக்காவுக்கு முயற்சி செய்கிறவர்கள், இங்கேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிவிட்டு அல்லாடுகிறவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போட்டுட்டேன் அங்கிள், ரிப்ளையே இல்லை." சொல்லும்போது, யாரோ தங்களை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டது போல முகம் வாடிவிடும். ஒதுக்குவதற்கும் ஒருவர் அந்த மெயிலைப் படித்திருக்க வேண்டுமே! நான் பார்த்தவரை, பதில் வராத மெயில்களில் பாதிக்குமேல், பதில் சொல்ல முடியாதபடி எழுதப்பட்ட மெயில்கள். அதனால் மனம் நோகும் முன் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

1. போய்ச் சேர்ந்ததா?

முகவரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? கூகுளில் தேடியபோது ஓரத்தில் வந்ததா, சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதா, பழைய பிராஸ்பெக்டஸில் இருந்ததா? நீங்கள் சேர நினைக்கும் படிப்பின் பக்கத்தில், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், இன்றைக்கு என்ன முகவரி இருக்கிறதென்று பாருங்கள். 'நோ-ரிப்ளை' என்று தொடங்கும் முகவரியிலிருந்து வந்த மெயிலுக்கே ரிப்ளை தட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

அடுத்தது அட்டாச்மென்ட். ஜிமெயில் 25 எம்.பி. வரை அனுப்ப விடும். அந்தப் பக்கத்து சர்வர் அவ்வளவையும் ஏற்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஜிப் கோப்பைப் பல அலுவலகங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இவை எல்லாவற்றையும்விட மோசம் கூகுள் டிரைவ் லிங்க். அனுமதியைத் திறந்துவிட மறந்திருப்பீர்கள். அங்கே இருப்பவர் தட்டினால் 'அனுமதி கேட்கவும்' என்று வரும். உங்கள் மார்க் ஷீட்டைப் பார்க்க உங்களிடமே அனுமதி கேட்டுக் காத்திருக்கும் அலுவலரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஐந்து எம்.பி.க்குள் சுருக்கி, நேராக இணையுங்கள்.

பதில் வந்தும் நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். ஸ்பேமைத் திறந்து பாருங்கள், ப்ரோமோஷன்ஸையும் பாருங்கள். ஜிமெயிலில் ஸ்பேமில் விழுந்தது 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். அதனால் இதை வாரத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள்.

2. ஆபீசுக்குள் மெயில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். பிரிவின் பொதுப் பெட்டிக்கு பாஸ்வேர்டு ஒருவர் கையில் இருக்கும். அவர் காலையில் வந்து திறந்து, நடவடிக்கைக்கு உரியது என்று தோன்றுவதை மட்டும் பிரிண்ட் எடுப்பார். அந்தத் தாள் தபாலோடு தபாலாகப் போகும். முத்திரை விழும், வரிசை எண் விழும். கண்காணிப்பாளர் மேல் ஓரத்தில் 'ஏ3' என்று எழுதுவார். ஏ3 என்பது ஒரு மேசை. அந்த மேசைக்காரர் அதைத் தன்பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் உங்கள் மெயிலுக்கு உயிர் வருகிறது. அதற்குப் பிறகு அதற்குக் கணக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். பிரிண்ட் ஆகாத மெயிலுக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுதான். பிரிண்ட் எடுக்கிறவருக்கு, இது எந்த மேசைக்குப் போக வேண்டியது என்று இரண்டு வரிக்குள் தெரிய வேண்டும். பொறியியல் சேர்க்கையா, தொலைநிலைக் கல்வியா, சான்றிதழ் சரிபார்ப்பா, கட்டணம் திரும்பப் பெறுவதா? தெரியவில்லையென்றால் அவர் யாரிடமும் கேட்கமாட்டார். 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுவார். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை.

துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர், கல்லூரி முதல்வர் என்று பத்துப் பேருக்கு ஒரே மெயிலில் சிசி போடுவது இன்னொரு வழக்கம். பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பார்கள். ஒருவருக்கு எழுதுங்கள்.

வெளிநாட்டில் பிரிண்டுக்குப் பதிலாக டிக்கெட். மெயில் போட்டதுமே ஒரு எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தால், அதுதான் உங்கள் முத்திரை, அதுதான் வரிசை எண். அடுத்தடுத்து எழுதுவதெல்லாம் அந்த மெயிலுக்கு ரிப்ளையாகவே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புது மெயில் எழுதினால் புதுப் புது டிக்கெட் விழும், ஒரே ஆளின் விஷயம் நான்கு பேர் கையில் சிதறும். நான்கு பேரும் மற்றவர் முடிக்கட்டும் என்று வைத்திருப்பார்கள்.

3. உங்கள் பெயர் அவர்களிடம் எப்படி இருக்கிறது?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் சங்கடம் இது. கன்சல்டன்சிக்காரர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. ஒரு பையன் பெயர் முத்துக்குமார், அப்பா பெயர் சண்முகம் என்று வையுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முத்துக்குமார் எஸ்'. டிகிரியில் 'எஸ். முத்துக்குமார்'. பாஸ்போர்ட்டில் முதல் பெயர் முத்துக்குமார், குடும்பப் பெயர் சண்முகம். அல்லது குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. ஜிமெயிலில் அவன் காலேஜ் முதல் வருடத்தில் வைத்துக்கொண்ட பெயர் 'எம்.கே. ராக்ஸ்'. அங்கே அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடுவார். அவருடைய திரையில் இருப்பது 'சண்முகம், முத்துக்குமார்'. மெயிலின் அடியில் இருப்பது 'எஸ். முத்துக்குமார்'. 'எஸ்' என்று தேடினால் என்ன வரும்? இரண்டு முறை முயன்றுவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். ஒற்றைப் பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகி வரும். அதற்குப் பிறகு சில கணினிகளில் அந்தப் பிள்ளையின் பெயரே அதுதான்.

ஆகவே, பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, எழுத்துப் பிசகாமல், விண்ணப்பத்திலும் மெயில் கணக்கிலும் மெயிலின் அடியிலும் பெயரைப் போடுங்கள். சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், "சான்றிதழ்களில் என் பெயர் இப்படி இருக்கும், 'எஸ்' என்பது என் தந்தையின் பெயரின் முதலெழுத்து" என்று ஒரு வரி சேருங்கள். பிறந்த தேதியையும் எழுதுங்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள்: 4 மார்ச். வெறும் எண்ணாக 04-03 என்று போட்டால் அமெரிக்காவில் அது ஏப்ரல் 3.

"டியர் மிஸ்டர் சண்முகம்" என்று பதில் வந்தால் பதற வேண்டாம். உங்கள் அப்பாவை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை.

4. பொருள், பார்வை.

நம் அரசு அலுவலகக் கடிதத்தில் மேலே 'பொருள்', அதன் கீழே 'பார்வை' என்று இரண்டு வரி இருக்கும். என்ன விஷயம், இதற்கு முன் எந்தக் கடிதம் என்பதை அந்த இரண்டு வரியே சொல்லிவிடும். உலகத்தில் எந்த அட்மிஷன் ஆபீசுக்கும் இந்த முறை செல்லும். சப்ஜெக்ட் வரியில் விண்ணப்ப எண், பாஸ்போர்ட் பெயர், படிப்பு, எந்தப் பருவம், கேள்வி, இவை ஐந்தும் வரட்டும். 'அர்ஜென்ட்', 'ரெக்வெஸ்ட்', 'ரிகார்டிங் அட்மிஷன்' இவை எதையும் சொல்லாத சொற்கள்.

சமீபத்தில் ஒரு பெண் காட்டிய மெயில் இப்படித் தொடங்கியது: மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர், தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன், நான் இன்ன மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து சிறுவயது முதலே இயந்திரங்கள்மீது ஆர்வம் கொண்டு... நான்கு பத்தி தாண்டி ஐந்தாவது பத்தியின் நடுவில், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் வருவதற்குப் பத்து நாள் தாமதமாகும், பிறகு அனுப்பலாமா என்ற கேள்வி. கடைசியில் நம் நாட்டு முத்திரை வாசகம், 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'. அதை இப்படி மாற்றினோம்:

"என் விண்ணப்ப எண் இது. உங்கள் இயந்திரப் பொறியியல் முதுகலைப் படிப்புக்கு, குளிர்காலப் பருவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் ஜூலை 20 அன்று வரும். உங்கள் கடைசித் தேதி ஜூலை 15. விண்ணப்பத்தை இப்போது சமர்ப்பித்துவிட்டு, மதிப்பெண் சான்றை ஜூலை 20க்குப் பிறகு பதிவேற்ற முடியுமா? தேர்வுக்குப் பதிவு செய்த ரசீதை இணைத்திருக்கிறேன்."

படிக்கிறவர் 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடலாம். குடும்பக் கதைக்கு உரிய இடம் நோக்க அறிக்கை.

5. ஒரு மெயில், ஒரு கேள்வி. அதிலும், அவர்கள் ஏற்கெனவே இணையதளத்தில் பதில் எழுதி வைத்திருக்கும் கேள்வியைக் கேட்காதீர்கள். "எனக்கு இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா?" என்பதைக் கேட்கவே வேண்டாம். விண்ணப்பத்தை மதிப்பிடும் முன் அதற்கு எந்த அலுவலகமும் பதில் தராது. தந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. "ஏழு அரியர் இருந்தது, எல்லாம் க்ளியர் பண்ணிட்டேன், எலிஜிபிளா?" என்பதும் அதே ரகம்தான். "குறைந்தபட்சத் தகுதியில் அரியர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா?" என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

6. எத்தனை நாள் பொறுப்பது?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கணக்குக் கிடையாது. அவர்களுடைய காலண்டரைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பல படிப்புகளுக்குக் குளிர்காலப் பருவத்தின் கடைசித் தேதி ஜூலை 15, கோடைப் பருவத்துக்கு ஜனவரி 15. அந்தத் தேதிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரு வாரம், மெயில் மலைபோலக் குவியும். ஏறக்குறைய 170 பல்கலைக்கழகங்களுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பு பெர்லினில் இருக்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ வாங்குகிறார்கள். சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படியிருக்க இரண்டாவது வாரத்தில் 'ஸ்டேட்டஸ் என்ன' என்று கேட்டால் என்ன பதில் வரும்? கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு விண்ணப்பித்து, ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று அவர்கள் சொல்வதற்குள் தேதி தாண்டிவிட்ட பிள்ளைகளும் உண்டு. அங்கே தவறு மெயிலில் இல்லை.

2022 நவம்பர் முதல், ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் அலுவலகத்தின் சான்று கட்டாயம். புது டெல்லி ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த அந்த அலுவலகம் எடுத்துக்கொள்ளும் வாரங்களையும் கணக்கில் வைத்துத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். ஏபிஎஸ் வரவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் புலம்பிப் பயனில்லை. அவர்களால் அதில் எதுவும் செய்ய முடியாது.

டிசம்பர் 24 முதல் புத்தாண்டு வரை ஐரோப்பாவில் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் நன்றி தெரிவிக்கும் நாள். அந்த வாரமே கிட்டத்தட்டப் போய்விடும். இங்கே கவுன்சலிங் மாதங்களும் தேர்தல் பணி நாட்களும் அப்படித்தான். தேர்தல் நேரத்தில் ஏ3 மேசைக்காரர் வாக்குச்சாவடிப் பயிற்சிக்குப் போயிருப்பார், அவர் மேசையை இன்னொருவர் 'கூடுதலாக' பார்ப்பார். கூடுதலாகப் பார்ப்பது என்றால் பூட்டை மட்டும் பார்ப்பது.

சாதாரணக் காலத்தில் ஏழு வேலை நாள் பொறுத்து முதல் நினைவூட்டல், அதற்குப் பின் இன்னொரு ஏழு. அவர்களே ஒரு காலவரம்பு சொல்லியிருந்தால், அது முடிந்த மறுநாள். கடைசித் தேதி ஒரு வாரத்துக்குள் இருந்தால் நினைவூட்டலெல்லாம் வேண்டாம், போனை எடுங்கள்.

7. நினைவூட்டல் எழுதும்போது பழைய மெயிலுக்கே ரிப்ளை தட்டி, மேலே இரண்டு வரி எழுதுங்கள். விஷயத்தை மறுபடி சொல்லிவிடுங்கள், 'கீழே பார்க்கவும்' என்று விட்டுவிடாதீர்கள். கீழே யாரும் போகமாட்டார்கள். முதல் மெயிலில் இருந்த இணைப்பை மறுபடி இணையுங்கள், ரிப்ளை தட்டினால் அது தானாகக் கூட வராது. 'மூன்றாவது நினைவூட்டல்!!!' என்று சிவப்பில் எழுதுவது, முழுவதும் பெரிய எழுத்தில் எழுதுவது, நள்ளிரவில் கோபத்தோடு எழுதுவது மூன்றும் கூடாது. நீங்கள் எழுதியது உங்கள் விண்ணப்பக் கோப்போடு சேர்ந்தே இருக்கும். தேர்வுக் குழுவில் யாராவது அதைத் திறக்கலாம்.

8. போன்.

நம் பிள்ளைகளுக்கு மெயில் அடிக்கக் கை வருகிறது, போனில் பேச நா எழவில்லை. உச்சரிப்பைப் பற்றிக் கூச்சம். மறுமுனையில் இருப்பவர் நாள் முழுக்க சீனா, ஈரான், நைஜீரியா என்று எல்லா உச்சரிப்பையும் கேட்கிறவர். நம் நேரம் ஜெர்மனிக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி முன்னால் இருக்கும். அங்கே போன் எடுக்கும் நேரம் பெரும்பாலும் காலையில் ஓரிரு மணி நேரம்தான்; இணையதளத்தில் போட்டிருப்பார்கள். அங்கே காலை பத்து என்றால் ஜூலையில் இங்கே மதியம் ஒன்றரை. வெள்ளிக்கிழமை பிற்பகலை மறந்துவிடுங்கள்.

முன்னால் ஒரு தாளில் விண்ணப்ப எண், மெயில் போட்ட தேதி, கேள்வி மூன்றையும் எழுதி வையுங்கள். பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பழகுங்கள். பதில் தெரியாது என்றால், "இதை யாருக்கு எழுதினால் சரியாக இருக்கும்?" என்று கேளுங்கள், பாதி நேரம் அந்த ஒரு முகவரிக்காகத்தான் போனே. வைத்ததும், "இன்று தொலைபேசியில் நீங்கள் சொன்னதாக நான் புரிந்துகொண்டது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பேச்சுக்குச் சாட்சி இல்லை.

9. மெயில் கணக்கு யார் கையில்?

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பல கன்சல்டன்சிகள் மாணவர் பெயரில் தாங்களே ஒரு ஜிமெயில் தொடங்கி, அதைத்தான் எல்லா விண்ணப்பத்திலும் போடுகிறார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். பல்கலைக்கழகம் பதில் போட்டிருக்கும், இன்னொரு தாள் கேட்டிருக்கும், இடம் கூடக் கொடுத்திருக்கும்; எல்லாம் அந்தப் பெட்டியில் விழும். நீங்கள் உங்கள் சொந்த மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டு இங்கே காத்திருப்பீர்கள். அவர்களுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகத்தின் பதில் மட்டும் அன்றைக்கே உங்கள் கைக்கு வரும், மற்றவை வர நாளாகும். என்னிடம் வந்த 'ரிப்ளையே இல்லை' கதைகளில் சில இப்படித்தான் முடிந்தன. கன்சல்டன்சியைப் பிடிப்பது தவறில்லை. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மெயில், உங்கள் சொந்த செல் எண், போர்ட்டல் பாஸ்வேர்டு உங்கள் கையில். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால், போர்ட்டலுக்குள் போய் முதல் வேலையாக மெயில் முகவரியை மாற்றுங்கள்.

அப்பா எழுதுவதும் வேண்டாம், மாமா எழுதுவதும் வேண்டாம். விண்ணப்பதாரரின் சம்மதம் இல்லாமல் வேறு யாரிடமும் விவரம் சொல்ல ஐரோப்பாவின் தனிநபர் தரவுச் சட்டங்கள் இடம் தருவதில்லை. பிரிட்டனில் யூகாஸ் வழியாக இளங்கலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், தங்கள் சார்பில் பேச ஒருவரை விண்ணப்பத்திலேயே நியமிக்கலாம். நியமிக்கவில்லை என்றால் பெற்ற தாய் போன் செய்தாலும் பதில் இல்லை. நம் பெற்றோருக்கு இது அவமரியாதையாகப் படுகிறது. அந்த ஊர் ஒழுங்கு அது.

10. பேராசிரியர்களுக்கு எழுதுவது வேறு கணக்கு. பி.எச்டி.க்காக நேரடியாக எழுதும்போது பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. அவர் பெயரை மட்டும் வேறு எழுத்துருவில் ஒட்டிய மெயிலைப் பார்த்ததும் அழித்துவிடுவார். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதைப் பற்றி உண்மையான ஒரு கேள்வியோடு எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் அதுவே பதில்.

11. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் வாய் திறக்காதபோது.

டிரான்ஸ்கிரிப்ட், பட்டச் சான்று, உண்மைத்தன்மைச் சான்று, கட்டணம் திரும்பப் பெறுதல். வெளிநாட்டுக் கதவு திறந்திருந்தும் பலருக்கு இங்கேதான் சிக்குகிறது. மெயிலோடு நிற்காதீர்கள். அதையே தாளில் எழுதி இரண்டு படி எடுத்து, நேரில் போய் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை வாங்காமல் திரும்பக் கூடாது. "வச்சிட்டுப் போங்க தம்பி, பார்த்துக்கறோம்" என்பார்கள். வெளியூராக இருந்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு மாதம் போயும் அசையவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம்; நம் மாநிலத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாகவே ஒட்டலாம். முப்பது நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், சட்டம் தருவது ஆவணத்தில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதியிட்ட என் விண்ணப்பம் எந்த நாளில் எந்தப் பிரிவில் பெறப்பட்டது, அதன்மேல் நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை என்ன, இப்போது எந்தப் பதவியில் உள்ளவரிடம் நிலுவையில் இருக்கிறது, இந்தச் சான்று வழங்க வகுத்துள்ள காலவரம்பு எத்தனை நாள். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டி வரும்போதே பெரும்பாலும் சான்று தயாராகிவிடும். பதிலே வரவில்லையென்றால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

தனியார் சுயநிதிக் கல்லூரி, தங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லக்கூடும். அங்கே, கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். யூஜிசி 2023இல் கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையும் இருக்கிறது. சேர்க்கை கோரி விண்ணப்பித்தவரும் அதில் மாணவர்தான். கல்லூரிக்குள் குறைதீர்ப்புக் குழு, அதற்கு மேல் குறைதீர்ப்பாளர். இரண்டு விவரமும் இணையதளத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதும், விட்டு விலகியவரின் கட்டணத்தைத் திருப்பித் தராததும் இதன்கீழ் வருகிற புகார்கள்.

இவற்றையெல்லாம் எடுத்த எடுப்பிலேயே வீசாதீர்கள். ஏ3 மேசைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை நிறைய உண்டு. கோப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் கையில்.

12. பள்ளிக்கூடங்கள். எல்.கே.ஜி. இடத்துக்கு மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் இளம் பெற்றோருக்கு ஒரு வரி: நம் ஊரில் பள்ளி மெயிலைப் பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை, வாசலுக்குப் போய் விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். பள்ளிக்கு எழுதுவதால் ஆவது ஒன்றுமில்லை.

13. ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, யாருக்கு, என்ன கேட்டேன், டிக்கெட் எண், அடுத்து எப்போது நினைவூட்டுவது. எக்செல்லில் போட்டாலும் சரி. எந்தப் பதிலுக்காகவும் மற்ற விண்ணப்பங்களை நிறுத்தி வைக்காதீர்கள்.

14. கையில் வேறு இடம் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

மௌனத்தைக் கலைக்க நியாயமான வழி இது ஒன்றுதான் என்பேன். அமெரிக்காவில் உதவித்தொகையோடு மேல்படிப்புக்கு இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தத் தேதி நெருங்கும்போது, நீங்கள் பெரிதும் விரும்பும் இடம் வாயே திறக்கவில்லையா? "எனக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஏப்ரல் 15க்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் முதல் விருப்பம் உங்கள் துறை. அதற்குள் முடிவு தெரிய வாய்ப்பு உண்டா?" என்று மாதத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களும் தவித்துக்கொண்டிருப்பார்கள். இப்படி எழுதினால் பதில் வரும். ஆனால் இல்லாத இடத்தை இருப்பதாக எழுதாதீர்கள். "சரி, எங்கே?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

15. பதில் வந்துவிட்டது என்றால் இரண்டு முறை படியுங்கள். 'உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை' என்ற மெயிலை, கிடைத்துவிட்டது என்று சொல்லும் ரசீதாக நினைத்து மூன்று வாரம் சும்மா இருந்த பையன் ஒருவன் உண்டு. என்ன கேட்டிருக்கிறார்கள், எந்த வடிவில், எந்தத் தேதிக்குள், மெயிலிலா போர்ட்டலிலா என்று அடிக்கோடு போடுங்கள். அன்றைக்கே அனுப்புங்கள். ஒரு பக்கம் கேட்டால் ஒரு பக்கம் மட்டும். கூடவே பள்ளிக்கூடத்துச் சதுரங்கச் சான்றிதழையெல்லாம் சேர்க்க வேண்டாம். கோப்பின் பெயர் 'ஸ்கேன்0047' என்று இருக்கக் கூடாது. விண்ணப்ப எண், பாஸ்போர்ட் பெயர், என்ன ஆவணம் என்று வையுங்கள். பதில் போட்டவர் தன் பெயரை அடியில் எழுதியிருந்தால், அடுத்த மெயிலை அந்தப் பெயர் சொல்லித் தொடங்குங்கள்.